விழப் பழகிய பெண்கள்

திருவனந்தபுரத்தின் கரமனை அக்ரகாரத்தில் என் தலைமுறைப் பெண்களுக்குப் பாட்டு வரும். கீர்த்தனைகள் இயற்றிய நீலகண்ட சிவன் வாழ்ந்த ஊர் அது. விளக்கேற்றும் நேரத்தில் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து சுருதிப்பெட்டி கேட்டுக்கொண்டே இருக்கும். படிப்பும் வரும். திருவிதாங்கூரில் பெண்களுக்கென்று சர்க்கார் பள்ளி 1864இலேயே வந்துவிட்டது. அது வளர்ந்து இன்று வழுதக்காட்டில் அரசு மகளிர் கல்லூரியாக நிற்கிறது. ஆகவே பெண்களை அடைத்து வைத்த ஊர் என்று கரமனையைச் சொன்னால் அது பொய். ஒன்று மட்டும் எங்களுக்குக் கிடைக்கவில்லை: விழுவதற்கான அனுமதி.

ஓடினால் அதட்டல். மாமரத்தில் ஏறினால் அடி. முழங்காலில் சிராய்ப்போடு வந்தால் வீடு முழுக்க விசாரணை. "கையைக் காலை ஒடிச்சுண்டு வந்து நிக்காதேடி, நாளைக்கு நாலு பேர் வந்து பார்க்கணும்" என்பாள் பாட்டி. அதில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். பெண்ணின் உடம்பில் ஒரு தழும்பு விழுந்தால் அதற்கு விலை கொடுக்க வேண்டியது வீடு என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஜூடோவில் முதல் நாள் யாரையும் தூக்கி எறியச் சொல்லித் தருவதில்லை. விழத்தான் சொல்லித் தருகிறார்கள். உகேமி என்று அதற்குப் பெயர். மோவாயை நெஞ்சோடு ஒட்ட வேண்டும், பின்மண்டை தரையைத் தொடக் கூடாது. முதுகு வளைந்திருக்க வேண்டும். உடம்பு விரித்திருக்கும் மேட்டைத் தொடும் அதே கணத்தில் கையை நீட்டி உள்ளங்கையோடு ஓங்கி அடிக்க வேண்டும். விழுந்த வேகம் ஓர் எலும்பில் போய்க் குத்தாமல் கை, தோள், முதுகு என்று பரவிப் போகும். மூச்சைப் பிடிக்காமல் வெளியே விட வேண்டும். பின்னால் விழ, பக்கவாட்டில் விழ, முன்னால் உருண்டு விழ என்று நாள்கணக்கில் இதையே செய்வார்கள். பயம் தெளிந்து உடம்பு தானாக விழக் கற்ற பிறகுதான் எதிராளியின் காலரைப் பிடிக்க விடுவார்கள்.

இந்த முதல் பாடத்துக்கும் அதற்கு அடுத்த பாடத்துக்கும் பெண்கள் வந்து சேர எவ்வளவு காலம் ஆயிற்று, அதற்காக யார் யார் என்ன கொடுத்தார்கள் என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். என் மனதில் முன்னால் நிற்கும் முகம் மணிப்பூரின் லிக்மாபாம் சுசீலா தேவியுடையது. ஆனால் அவரிடம் போவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஜிகோரோ கானோ டோக்கியோவில் ஒரு புத்த கோயிலில் கோடோகானைத் தொடங்கியது 1882இல். பெண்களுக்கென்று தனிப் பிரிவு வந்தது 1926இல். வந்ததே தவிர, வடிவப் பயிற்சிதான் அவர்களுக்கு, போட்டி கிடையாது. கருப்பு பெல்ட் வாங்கினாலும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு ஓடும், பெண் என்று தூரத்திலிருந்தே தெரிய. கானோவின் ஆசிரியர்களில் ஒருவரான ஹச்சினோசுகே ஃபுகுடாவின் பேத்தி கேகோ ஃபுகுடா அங்கே கற்றவர். ஐந்தாம் டான் என்ற படிக்கு மேல் பெண்ணுக்கு இல்லை என்ற விதி அவரைப் பல வருஷம் அதே படியில் நிறுத்தி வைத்தது. 1970களில்தான் அது தளர்ந்தது. கல்யாணத்தை விட்டு ஜூடோவைத் தேர்ந்தெடுத்தவர். சான் பிரான்சிஸ்கோவில் குடியேறிப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 2011இல் அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்குப் பத்தாம் டான் கொடுத்தபோது வயது 98.

ஃபுகுடா பொறுத்திருந்தார். ரஸ்டி கனோகோகிக்குப் பொறுமை கிடையாது. நியூயார்க்கின் கோனி ஐலண்டில் வளர்ந்த பெண். 1959இல் யூட்டிகா நகரில் ஒய்.எம்.சி.ஏ. ஜூடோ போட்டி. அவருடைய குழுவில் ஒருவருக்குக் காயம். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருந்த ரஸ்டி, மார்பைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு ஆணாக மேட்டில் ஏறினார். தன் ஆட்டத்தில் ஜெயித்தார், குழுவும் ஜெயித்தது. பரிசு கொடுக்கும்போது சந்தேகம் வந்த நிர்வாகி, நீ பெண்ணா என்று கேட்டார். ஆமாம் என்றார். பதக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

அதே 1959இல் எங்கள் திருவனந்தபுரத்துத் தெருக்களில் பெண்கள் கூட்டம் கூட்டமாக நடந்தார்கள். விமோசன சமரம், ஈ.எம்.எஸ். மந்திரிசபைக்கு எதிரான போராட்டம். அரசியல் சரியா தவறா என்பது வேறு பேச்சு. கோஷம் போடவும் மறியலில் கைதாகவும் பெண்களுக்குத் தடை இருக்கவில்லை. அதே பெண்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து, முற்றத்தில் பாண்டி ஆடும் மகளை, விழுந்துவிடப் போகிறாள் என்று உள்ளே கூப்பிட்டார்கள். தடை பொதுவெளிக்கு அல்ல, உடம்புக்குத்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

கேரளத்தில் இதற்கு இன்னொரு சாட்சி களரி. களரி வீராங்கனை உண்ணியார்ச்சாவைப் பற்றி வடக்கன் பாட்டு பாடாத கிராமம் மலபாரில் இல்லை. ஆனாலும் சிறுமிகள் பெரியவளானதும் களரியிலிருந்து நிறுத்தப்படுவதுதான் வழக்கம். வடகரை மீனாட்சி அம்மா அந்த வழக்கத்தை மீறித் தொடர்ந்தவர். 2017இல் எழுபது தாண்டிய வயதில் பத்மஸ்ரீ வாங்கினார். எங்கள் கரமனையிலிருந்து கிழக்கேகோட்டை நடந்து போகும் தூரம். அங்கே சி.வி.என். களரி 1956 முதல் இருக்கிறது. எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் அங்கே போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. எண்ணெய் மருந்துக்கு, சுளுக்கு எடுக்கப் போவார்கள்.

ரஸ்டி அந்தப் பதக்கத்தை மறக்கவில்லை. 1962இல் ஜப்பான் போனார். கோடோகானில் பெண்கள் பிரிவில் அவருக்கு ஈடு கொடுக்க ஆளில்லாமல் ஆண்களோடு முதன்மைக் கூடத்தில் பயிற்சி செய்ய விட்டார்கள். அப்படி விடப்பட்ட முதல் பெண் அவர். 1980இல் பெண்களுக்கான முதல் உலக ஜூடோ போட்டியை நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடத்தினார். பணத்துக்குத் தன் வீட்டை அடமானம் வைத்தார். பெண்கள் ஜூடோவை ஒலிம்பிக்கில் சேர்க்கவில்லை என்றால் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினார். 1988 சியோலில் காட்சிப் போட்டியாகச் சேர்ந்தது, 1992 பார்சிலோனாவில் பதக்கப் போட்டியாக ஆயிற்று. ஆண்கள் ஜூடோ ஒலிம்பிக்கில் நுழைந்தது 1964இல். நடுவே இருபத்தெட்டு வருஷம். 2009இல் ஒய்.எம்.சி.ஏ. அவருக்கு ஒரு தங்கப் பதக்கம் கொடுத்து மரியாதை செய்தது. அந்த வருஷம் நவம்பரில் அவர் போய்விட்டார்.

அவர் திறந்த கதவு வழியாக வந்த பெரிய வீராங்கனை ஜப்பானின் ரியோகோ தானி. உயரம் 146 சென்டிமீட்டர், எடைப் பிரிவு 48 கிலோ. ஐந்து ஒலிம்பிக்கில் ஐந்து பதக்கம், அதில் 2000, 2004 இரண்டிலும் தங்கம். ஏழு உலகப் பட்டங்கள். ஏழாவது, குழந்தை பெற்ற பிறகு 2007இல். பிள்ளை பெற்ற உடம்பு இனி அடுக்களைக்குத்தான் என்று நம்பியவர்கள் ஜப்பானிலும் இருந்தார்கள், கரமனையிலும் இருந்தார்கள். அவர்களிடம் வாதாட வேண்டிய அவசியம் அதற்குப் பிறகு குறைந்தது.

தானியின் அதே 48 கிலோதான் சுசீலா தேவியின் பிரிவும். இம்பால் கிழக்கு மாவட்டத்தில் ஹெய்ங்காங் என்ற ஊர். 1995 பிப்ரவரி 1 பிறப்பு. வீட்டில் ஜூடோ முன்பே இருந்தது: சித்தப்பா சர்வதேசப் போட்டிகளில் ஆடியவர், அண்ணனும் ஜூடோக்காரர். ஏழெட்டு வயதில் குமன் லம்பாக் மைதானத்துக்கு அழைத்துப் போனார்கள். விழுவதற்குத் தடை சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை. பின்னர் வீட்டை விட்டு, பஞ்சாபின் பாட்டியாலாவில் இந்திய விளையாட்டு ஆணைய மையத்துக்குப் போய்விட்டார். பயிற்சியாளர் ஜீவன் சர்மாவிடம் தேறினார்.

மணிப்பூர் ஏன் இத்தனை வீராங்கனைகளைத் தருகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இம்பாலின் இமா கெய்தேலைக் காட்டுவேன். பெண்கள் மட்டுமே கடை போடும் சந்தை. 1904, 1939 ஆண்டுகளில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் அங்குள்ள பெண்கள். வேறு காரணங்களும் உண்டு: ஏழ்மை, போலீஸ் வேலை, ரயில்வே வேலை என்ற நம்பிக்கை. ஆனாலும் மகள் ஊருக்கு நடுவே உழைத்து நிற்பதைப் பார்த்துப் பழகிய கண், மகள் மேட்டில் விழுவதைப் பார்த்துப் பதறாது. சிட்னி 2000க்குப் போன பிரோஜேஸ்வரி தேவி, பெய்ஜிங் 2008க்குப் போன தோம்பி தேவி இருவரும் அந்த மண்ணின் ஜூடோக்காரர்கள். சுசீலாவுக்கு முன்னால் தடம் இருந்தது.

2014 ஜூலை 24. கிளாஸ்கோ காமன்வெல்த். பத்தொன்பது வயது சுசீலா இறுதிக்கு வந்து ஸ்காட்லாந்தின் கிம்பர்லி ரெனிக்ஸிடம் தோற்று வெள்ளி வாங்கினார். மணிப்பூரின் இன்னொரு பெண் கல்பனா தேவி 52 கிலோவில் வெண்கலம். அதே நாள் அதே நகரில் பளு தூக்கலில், மணிப்பூரின் சஞ்சிதா சானு தங்கமும் மீராபாய் சானு வெள்ளியும் வாங்கினார்கள். ஒரே நாளில் ஒரு சின்ன மாநிலத்தின் நான்கு பெண்கள். இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களைத்தான் சாம்பியன் வாழ்க்கை என்று யாரும் படம் பிடிப்பதில்லை. 2018இல் பின்தொடைத் தசை கிழிந்தது. அந்த வருஷ ஆசிய விளையாட்டுப் போட்டிக்குப் போக முடியவில்லை. ஜூடோவில் ஒலிம்பிக் தகுதி என்பது ஒரு தேர்வுப் போட்டி அல்ல; உலகம் முழுக்க நடக்கும் கிராண்ட் பிரீ, கிராண்ட் ஸ்லாம், கண்டப் போட்டிகளில் இரண்டு வருஷமாகப் புள்ளி சேர்க்க வேண்டும். போகாத போட்டிக்குப் புள்ளி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் விமான டிக்கெட், விசா, தங்குமிடம். காயத்தில் கிடப்பவருக்கு உதவித்தொகை கொடுக்க யாரும் முன்வருவதில்லை. சுசீலா தன் காரை விற்றார். அந்தப் பணத்தில் போட்டிகளுக்குப் போனார். ரஸ்டி வீட்டை அடமானம் வைத்ததும் சுசீலா காரை விற்றதும் எனக்கு ஒரே கணக்கில்தான் வருகிறது. பெண்கள் மேட்டில் ஏறலாம் என்று உலகம் ஒப்புக்கொண்ட பிறகும், ஏறுவதற்கான செலவு அவளுடையதாகவே இருந்தது.

எடைக் கணக்கு தனித் துன்பம். போட்டிக்கு முந்தின நாள் எடை பார்ப்பார்கள், 48 என்றால் 48தான். கடைசி நாட்களில் சாப்பாட்டைக் குறைத்து, தண்ணீரைக் குறைத்து, கம்பளி போட்டு வியர்த்து இறங்க வேண்டும். மறுநாள் காலையில் சிலரை மறுபடியும் நிறுத்திப் பார்ப்பார்கள். நம் வீடுகளில் பெண்பிள்ளை மெலிந்தால் கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போடுவோம். ஜூடோக்காரிகளின் வீடுகளில் அரைக் கிலோ குறைந்ததைப் போன் போட்டுச் சொல்வார்கள்.

2021 ஏப்ரலில் கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில் ஆசியப் போட்டி. ஒலிம்பிக் தகுதிக்கான முக்கியமான வாய்ப்பு. இந்தியக் குழுவில் இருவருக்குக் கொரோனா என்று வந்ததும் குழு முழுவதையும் விலக்கிவிட்டார்கள். கடைசியில் கண்ட ஒதுக்கீட்டில் சுசீலாவுக்கு டோக்கியோ கிடைத்தது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து ஜூடோவுக்குப் போனவர் அவர் ஒருவர்தான்.

போட்டி நடந்த நிப்பான் புடோகான், 1964 ஜூடோவுக்காகவே கட்டிய மண்டபம். அப்போது அங்கே ஆடிய பெண் ஒருத்திகூட இல்லை. ஹாலந்தின் ஆண்டன் கேசிங் ஜப்பானியச் சாம்பியனை அமுக்கிப் பிடித்து ஊரையே அழவைத்த இடம் அது. 2021 ஜூலை 24 அன்று அதே மேட்டில் சுசீலா ஏறினார். எதிரே ஹங்கேரியின் ஏவா செர்னோவிஸ்கி, 2012 லண்டன் வெண்கலக்காரர். நான்கு நிமிட ஆட்டம் முழுதாக ஓடவில்லை. இப்பான், ஆட்டத்தை அங்கேயே முடிக்கும் முழுப்புள்ளி. முதல் சுற்றிலேயே வெளியே.

அன்றுதான் மீராபாய் சானு 49 கிலோவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். கிளாஸ்கோவுக்குச் சரியாக ஏழு வருஷம் கழித்து, அதே தேதி. நாடு முழுக்க இனிப்பு. எங்கள் கரமனை ஜங்ஷன் டீக்கடையில் டி.வி.யைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். ஆட்டோக்காரர்கள்கூட மீராபாயின் பெயரைச் சரியாகச் சொன்னார்கள். மீராபாய்க்கு அந்தக் கொண்டாட்டம் எல்லாம் தகும். ஆனால் ஏழு வருஷம் முன்பு ஒரே நாளில் வெள்ளி வாங்கிய இருவரில் மற்றவருடைய பெயர் அன்று யார் வாயிலும் இல்லை. செய்தித்தாளில் ஒரு வரி. தோற்றவரைப் பற்றி எழுதத்தான் எழுத்து வேண்டும், ஜெயித்தவருக்குப் பதக்கமே போதும்.

சுசீலா திரும்பி வந்தார். 2022 ஆகஸ்ட் 1, பர்மிங்ஹாம் காமன்வெல்த். காலில் தையல் போட்ட காயத்தோடு ஆடினார். அரையிறுதியில் மொரீஷியஸின் பிரிசில்லா மொராண்டை இப்பானில் வென்றார். இறுதியில் தென்னாப்பிரிக்காவின் மிக்கேலா வைட்பூயி. நேரம் முடிந்தும் தீராமல் கூடுதல் நேரத்துக்குப் போய்த் தோற்றார். இரண்டாவது காமன்வெல்த் வெள்ளி. நடுவே 2018இல் காமன்வெல்த்தில் ஜூடோவே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இருந்திருந்தால் அவருடைய கணக்கு வேறாக இருந்திருக்கலாம். இரண்டு நாள் கழித்து, டெல்லியின் துலிகா மான் 78 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் இன்னொரு வெள்ளி வாங்கினார்.

துலிகா 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போனார். கியூபாவின் ஐதாலிஸ் ஒர்டிஸ், லண்டன் தங்கக்காரர், அவரை 28 விநாடியில் முடித்தார். அந்த 28 விநாடியைப் போனிலிருந்து போனுக்கு அனுப்பிச் சிரித்தவர்களை நான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே எறிதலில் ஆட்டம் முடியலாம் என்பதுதான் ஜூடோவின் விதி. உலகச் சாம்பியன்களும் அப்படித் தோற்றிருக்கிறார்கள். சின்ன வயதில் அப்பாவை இழந்து, டெல்லி போலீஸில் வேலை பார்த்த அம்மாவின் கையில் வளர்ந்த பெண் அந்த மேட் வரைக்கும் வந்தாள் என்பது சிரிப்பவர்களுக்குத் தெரியாது.

இன்று எது மாறியிருக்கிறது என்பது இன்னொரு பெண்ணிடம் தெளிவாகத் தெரிகிறது. லிந்தோய் சனம்பம், 2006இல் பிறந்தவர், சுசீலாவைவிடப் பதினொரு வயது இளையவர், அதே மணிப்பூர். கர்நாடகத்தின் விஜயநகரில் ஒரு தனியார் விளையாட்டு மையத்தில் உண்டு உறங்கிப் பயிற்சி. ஜார்ஜியாவிலிருந்து வந்த மமூகா கிசிலாஷ்விலி பயிற்சியாளர். காயத்துக்கு அங்கேயே மருத்துவம், போட்டிக்கு அவர்களே டிக்கெட். 2022 ஆகஸ்டில் சரயேவோவில் இளையோர் உலகப் போட்டி, 57 கிலோ. தங்கம். எந்த வயதுப் பிரிவிலும் ஜூடோவில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர், ஆணோ பெண்ணோ. 2025இல் பெருவின் லீமாவில் ஜூனியர் உலகப் போட்டியில் 63 கிலோவில் வெண்கலம். பதினோரு வருஷ இடைவெளியில் மாறியது திறமை அல்ல. கார் விற்க வேண்டிய அவசியம் மாறியது.

கரமனையும் மாறியிருக்கிறது. கரமனையிலிருந்து பிராவச்சம்பலம் வரை ரோடு அகலமாகி, ஓரத்து வீடுகள் சில முகம் இழந்தன. அக்ரகாரத்தில் தமிழ் இன்னும் கேட்கிறது, கொஞ்சம் மலையாளம் கலந்து. பல வீடுகள் ஃபிளாட் ஆகிவிட்டன. சனி ஞாயிறு காலையில் ஸ்கூட்டரில் அம்மாவுக்குப் பின்னால், வெள்ளைச் சீருடையில், பெல்ட்டை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு சிறுமிகள் போகிறார்கள். கராத்தேவுக்குப் போகிறவர்கள் அதிகம், ஜூடோவுக்குக் குறைவு. குத்துவதும் உதைப்பதும் தூரத்திலிருந்தே செய்யலாம், ஜூடோவில் இன்னொரு உடம்பைப் பிடிக்க வேண்டும் என்ற கூச்சம் பெற்றோருக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. கேரள போலீஸ் பெண்களுக்கு இலவசத் தற்காப்புப் பயிற்சி நடத்துகிறது. நடுவயதுப் பெண்கள்கூட அதில் சேர்கிறார்கள். தழும்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆனால் வேறொன்றைப் பேசுகிறார்கள். "பத்தாம் கிளாஸ் ஆயாச்சே மாமி, இனி எப்படி? என்ட்ரன்ஸ் கோச்சிங் இருக்கே" என்று அந்த அம்மாக்களே என்னிடம் சொல்கிறார்கள். டாக்டர் சீட்டுக்கும் எஞ்சினியரிங் சீட்டுக்கும் படிப்பு, விடியற்காலை டியூஷன், ராத்திரி டியூஷன். ஒன்பதாம் வகுப்பு வரை மாவட்டப் போட்டிக்குப் போன பெண் பத்தாம் வகுப்பில் காணாமல் போகிறாள். அன்று பெரியவளானதும் நிறுத்தினார்கள். இன்று என்ட்ரன்ஸ் வந்ததும் நிறுத்துகிறார்கள். நிறுத்தும் வயது பன்னிரண்டிலிருந்து பதினைந்துக்கு நகர்ந்திருக்கிறது. அந்த மூன்று வருஷம் பெரிய வெற்றிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஜூடோவில் பதினைந்துதான் தொடக்கம்: உடம்பு உறுதிப்படும், பிடி இறுகும், எதிராளியின் எடை மாறுவதைக் காலால் உணரும் வயது. லிந்தோய் உலகப் பட்டம் வென்றபோது அவருக்குப் பதினைந்து பதினாறு. கரமனையில் பிறந்திருந்தால் அந்த வருஷம் அவர் பயாலஜி கோச்சிங்கில் இருந்திருப்பார்.

படிப்பை நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் உலகம் முழுக்கப் போய் வேலை பார்ப்பது அந்தப் படிப்பால்தான். இரண்டில் ஒன்று என்று ஏன் ஆயிற்று என்றுதான் கேட்கிறேன். பயிற்சிக் கூடம் வீட்டிலிருந்து தூரம், நேரம் ஒத்துவராது, கூட்டிப் போக ஆள் இல்லை என்பதுதான் பாதிக் காரணம். அது தீர்க்கக்கூடிய காரணம்.

2026 கிளாஸ்கோ காமன்வெல்த் நிரலில் ஜூடோ இருக்கிறது. ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஜூடோவில் இதுவரை ஒரு பதக்கமும் இல்லை. பாரிஸ் பாராலிம்பிக்கில் கபில் பர்மார் வாங்கிய வெண்கலம்தான் அந்தப் பக்கத்தில் முதல் வெளிச்சம். ஆட்டத்துக்குக் குறைந்தபட்சம் எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர் இடம் போதும். ஒரு மேட் இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். முப்பத்திரண்டு மேட் போட்டால் அந்த இடம் நிறையும், சுற்றிலும் விழுவதற்கு இன்னும் கொஞ்சம். கரமனை அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் ஹாலில் பள்ளி விட்டதும் ஐந்து மணிக்கு அதை விரிக்க வேண்டும். சொல்லித் தர ஒரு பெண் பயிற்சியாளர் வேண்டும். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பெண்களுக்கு டியூஷனுக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் அங்கே நிற்க உரிமை வேண்டும்.